மாமூல் தராத கடையில் ஒரு ரொட்டி-பஜ்ஜி! பலெர்மோவில் ஒரு நாள் சாப்பாட்டு உலா

காலை ஒன்பது மணி. பல்லரோ சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி வரும்போதே சத்தம் காதைப் பிடித்து இழுக்கிறது. கத்திரிக்காய் விற்பவர் ஒரு ராகம், மத்தி மீன் விற்பவர் வேறொரு ராகம். யார் குரல் மேலே போகிறது என்று போட்டி. இப்படிக் கூவி விற்பதற்கு சிசிலி மொழியில் 'அப்பன்னியாத்தா' என்று தனிப் பெயரே இருக்கிறது.

இத்தாலியின் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கும் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. ஆறு லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை. ரோம், வெனிஸ் போல சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டும் ஊர் அல்ல. ஆனால், சாப்பிடுவதற்காகவே இங்கே விமானம் ஏறி வருபவர்கள் உண்டு. ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, வழிகாட்டி ஒருவர் சந்தை சந்தையாக நடத்திக் கூட்டிச்செல்லும் உலாக்கள் பல நடக்கின்றன. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இந்த உலாவுக்குப் போவது பெரிய தவறு.

பல்லரோவில் முதலில் கண்ணில் படுவது வாள்மீன். ஐஸ் மேல் தலையை நிமிர்த்தி வைத்து, நீண்ட மூக்கு வானத்தைக் குத்துவதுபோல நிறுத்தியிருப்பார்கள். பக்கத்திலேயே பெரிய பாத்திரங்களில் ஆவி பறக்கும் அவித்த உருளைக்கிழங்கு, தீயில் வாட்டிய முழு வெங்காயம். வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லாதவர்கள் வாங்கிப் போய் எண்ணெயும் உப்பும் போட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். இந்த ஊருக்கும் வெங்காயத்துக்கும் உள்ள உறவு பழையது. 973-ம் ஆண்டில் இங்கே வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், முந்நூறுக்கும் மேற்பட்ட மசூதிகள் கொண்ட நகரம் என்று வியந்துவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் பச்சை வெங்காயத்தைத் தின்று தின்றே மூளை கெட்டுப்போனவர்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஊர் அவரை மன்னித்துவிட்டது, வெங்காயத்தை விடவில்லை.

மசூதி எப்படி வந்தது என்றால், 831-ல் அரபுகள் பலெர்மோவைக் கைப்பற்றினார்கள். 1072-ல் நார்மானியர்கள் வரும்வரை ஆட்சி அவர்களுடையது. எலுமிச்சை, கரும்பு, கத்திரிக்காய், அரிசி என்று இன்றைக்கு 'சிசிலி சமையல்' எனப்படுவதில் பாதிப் பொருள்கள் அவர்கள் காலத்தில் வேரூன்றியவை.

ஒரு ரொட்டி, நாலு பஜ்ஜி, கதவில் ஓர் ஒட்டுத்தாள்

உலாவின் முதல் வாய் பெரும்பாலும் 'பனெல்லே'. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறி, களி பதத்துக்கு வந்ததும் மெல்லிசாகப் பரப்பி ஆறவிடுவார்கள். இறுகியதும் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தால் பனெல்லே. உள்ளே காய் எதுவும் இல்லாத பஜ்ஜி என்று வைத்துக்கொள்ளலாம். எள் தூவிய உருண்டை ரொட்டியைப் பிளந்து, நாலைந்து பனெல்லேயை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளை, வக்கீல் எல்லோருக்கும் இதுதான் காலைப்பசிக்கு மருந்து. சில்லறைக் காசில் வயிறு நிறைந்துவிடும்.

இப்படிப்பட்ட கடை ஒன்றின் கதவில் வட்டமான சிறிய ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். பலர் கவனிக்காமல் உள்ளே போய்விடுவார்கள். ஆனால், உலா நடத்துபவர் அங்கேதான் நின்று பேசத் தொடங்குவார். 'இந்தக் கடை மாமூல் தருவதில்லை' என்று ஊரறியச் சொல்லும் ஒட்டுத்தாள் அது.

மாமூலுக்கு இங்கே பெயர் 'பிட்சோ'. பறவையின் அலகு என்று பொருள். 'என் அலகைக் கொஞ்சம் நனைக்க விடு' என்று கேட்பதுபோல, மாஃபியா ஒவ்வொரு கடையிலும் மாதாமாதம் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். பஜ்ஜிக் கடையானாலும் சரி, நகைக்கடையானாலும் சரி. கொடுக்காவிட்டால் முதலில் ஷட்டர் பூட்டுக்குள் பசையை ஊற்றிவிடுவார்கள். காலையில் கடைக்காரர் வந்து சாவி போட்டால் நுழையாது. அது எச்சரிக்கை. அதற்கும் மசியாவிட்டால் தீ. அதற்கும் மசியாவிட்டால்...

லீபெரோ கிராஸி மசியவில்லை. பலெர்மோவில் உள்ளாடை, பைஜாமா தைக்கும் ஆலை நடத்தியவர் அவர். 1991 ஜனவரி 10-ம் தேதி உள்ளூர் நாளிதழில் 'அன்புள்ள மிரட்டல்காரருக்கு' என்று விளித்து, காசு தர முடியாது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். சக தொழிலதிபர்கள் தோள் கொடுக்கவில்லை. ஊர் பெயரைக் கெடுக்கிறார் என்று அவரையே குறை சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 காலையில், வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றும் ஒவ்வோர் ஆகஸ்ட் 29 அன்றும் அவர் விழுந்த இடத்தில் குடும்பத்தார் சிவப்புச் சாயம் ஊற்றி, கையால் எழுதிய தாள் ஒன்றை ஒட்டுகிறார்கள். நினைவுக் கல் வேண்டாம், தாளே போதும் என்று இருக்கிறார்கள்.

அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, நண்பர்கள் சிலர் சேர்ந்து மதுக்கூடம் ஒன்று திறக்கத் திட்டமிட்டார்கள். வாடகை இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு என்று கணக்கு எழுதிக்கொண்டு வந்தபோது ஒருவர் கேட்டார்: பிட்சோ வந்து கேட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? மதுக்கூடம் திறந்ததோ இல்லையோ, கேள்வி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. 2004 ஜூன் 29 காலையில் பலெர்மோ கண் விழித்தபோது, நகரச் சுவர்களில் மரண அறிவிப்பு போலக் கறுப்புக் கட்டம் போட்ட சின்னச் சின்னத் தாள்கள். மாமூல் தரும் மக்கள் மானமில்லாத மக்கள் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம். 'அத்தியோபிட்சோ' இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அத்தியோ என்றால் விடைபெறும் வணக்கம்.

அவர்கள் செய்த நல்ல காரியம், கடைக்காரரை மட்டும் தைரியமாக இரு என்று உபதேசம் செய்யாமல் விட்டது. வாங்குபவரின் பக்கம் திரும்பினார்கள். கடைக்காரர் தரும் மாமூல் பஜ்ஜி விலையில்தானே ஏறுகிறது? அப்படியானால் பஜ்ஜி வாங்குபவரும் மாஃபியாவுக்குக் காசு கொடுக்கிறார். ஆகவே, மாமூல் மறுக்கும் கடைகளைப் பட்டியல் போட்டு, அங்கேயே வாங்குவோம் என்று பொதுமக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். தனியாக நின்றால் சுடுவார்கள். ஒரு தெருவே சேர்ந்து நின்றால், பின்னால் வாடிக்கையாளர் கூட்டமும் நின்றால், யாரைச் சுடுவது? பட்டியல் மெல்ல மெல்ல நீண்டு ஆயிரம் கடைகளைத் தாண்டியது. 2009-ல் அதே இளைஞர்கள் சுற்றுலாவும் நடத்தத் தொடங்கினார்கள். தங்கும் விடுதி, சாப்பிடும் கடை, குடிக்கும் ஒயின் எல்லாமே பட்டியலில் உள்ளவர்களுடையவை. சுற்றிப் பார்க்க வந்தவர் செலவழிக்கும் ஒரு யூரோகூட அந்த அலகை நனைக்காது.

மாமூல் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. பட்டியலில் சேராத கடைகள் இன்னும் ஏராளம். ஆனால், பயம் ஒரே பக்கம் இருந்த காலம் போய்விட்டது. 1834-ல் தொடங்கிய, ஊரின் மிகப் பழைய ரொட்டிக்கடைகளில் ஒன்றான 'அந்திகா ஃபொக்காச்செரியா சான் ஃபிரான்செஸ்கோ'வின் அன்றைய உரிமையாளர், தன்னை மிரட்டியவரை நீதிமன்றத்திலேயே கைநீட்டி அடையாளம் காட்டினார். 2016-ல் மக்வேதா தெருவில் சின்னக் கடைகள் வைத்திருந்த வங்கதேசத்தவர்கள், பிழைக்க வந்த ஊரில் நமக்கேன் வம்பு என்று ஒதுங்காமல் போலீஸில் புகார் கொடுத்தார்கள். ஒரு கும்பலே கைதானது. உள்ளூர்க்காரர்கள் பலர் செய்யத் தயங்கியதை, மொழியே சரியாக வராதவர்கள் செய்து காட்டினார்கள்.

ஆண்பாலா, பெண்பாலா?

அடுத்த நிறுத்தம் சண்டைக்குரியது. குங்குமப்பூ போட்டு வேகவைத்த சோற்றை உருண்டை பிடித்து, நடுவில் இறைச்சிக் குழம்பும் பட்டாணியும் வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால், பார்க்க ஆரஞ்சுப் பழம் போலவே இருக்கும். பலெர்மோவில் அது 'அரன்சீனா', பெண்பால். தீவின் கிழக்குப் பக்கம் கதானியாவில் அது கூம்பு வடிவம், பெயரும் 'அரன்சீனோ', ஆண்பால். மாற்றிச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறும். இத்தாலிய மொழியின் காவல் அமைப்பான அக்காடெமியா தெல்லா க்ருஸ்கா 2016-ல் இதில் தலையிட்டு, இரண்டுமே சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு ஊருமே கேட்கவில்லை.

டிசம்பர் 13, புனித லூசியா நாளில், பலெர்மோ முழுவதும் ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. 1646-ல் பஞ்சம் வாட்டியபோது, அந்த நாளில் கோதுமைக் கப்பல் ஒன்று துறைமுகம் வந்து சேர்ந்ததாம். மாவாக அரைக்கும்வரை பொறுக்க முடியாமல் கோதுமையை அப்படியே அவித்துச் சாப்பிட்டார்களாம். அந்த நினைவில் இன்றும் அவித்த கோதுமையில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி கலந்த 'குச்சியா' செய்கிறார்கள். கூடவே வீட்டுக்கு வீடு அரன்சீனா. அதன் மேலே ஒட்டியிருப்பது ரொட்டித்தூள்தானே என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

மூன்றாவது பண்டம் எல்லோருக்கும் ஆகாது. 'பானி கா மேவுசா' என்றால் மண்ணீரல் ரொட்டி. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, பன்றிக் கொழுப்பில் வதக்கி, ரொட்டியில் வைத்துத் தருகிறார்கள். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அதற்குப் பெயர் 'கல்யாணமாகாதது'. மேலே ரிக்கோட்டாவும் துருவிய பாலாடைக்கட்டியும் சேர்த்தால் 'கல்யாணமானது'. இதன் பிறப்புக் கதையில் ஒரு வலி இருக்கிறது. மாடு அறுக்கும் வேலை பார்த்த யூதர்கள், மத விதிப்படி அதற்குக் கூலியாகப் பணம் வாங்க மாட்டார்கள். குடல், ஈரல் போன்றவற்றை எடுத்துக்கொண்டு, அதைச் சமைத்துக் கிறிஸ்தவர்களிடம் விற்றுப் பிழைத்தார்கள் என்கிறார்கள். 1492-ல் ஸ்பெயின் அரசாணை வந்து, சிசிலியின் யூதர்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். சமைத்தவர்கள் போய்விட்டார்கள். ரொட்டி மட்டும் தங்கிவிட்டது.

நடக்கும் வழியெல்லாம் மூன்று சக்கர வண்டிகள். நம்மூர் லோடு ஆட்டோவேதான். பியாஜியோ கம்பெனியின் 'ஆபே'. ஆபே என்றால் இத்தாலிய மொழியில் தேனீ என்று அர்த்தம். பலெர்மோ வாயில் அது 'லாபா'. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, மேலே ஒலிபெருக்கி. 'ஸ்ஃபின்சியோனே' விற்றுக்கொண்டு போகும் வண்டி அது. பஞ்சு போன்ற தடித்த ரொட்டியின் மேல் தக்காளி, வெங்காயம், நெத்திலி, பாலாடைக்கட்டி, ரொட்டித்தூள். பிட்சாவின் அண்ணன் என்று பலெர்மோக்காரர்கள் சொல்வார்கள்; நேப்பிள்ஸ்காரர்கள் முன்னால் சொல்ல வேண்டாம்.

'வுச்சிரியா' சந்தையைப் பற்றி இரண்டு வரி போதும். 'வுச்சிரியாவின் கல் காயும்போது பார்க்கலாம்' என்றால், நடக்காத காரியம் என்று பொருள். அவ்வளவு மீன்தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த இடம். ரெனாத்தோ குத்தூஸோ 1974-ல் வரைந்த பிரம்மாண்ட ஓவியத்தில் அந்தச் சந்தையின் ஜனநெரிசலை இன்றும் பார்க்கலாம். ஓவியத்தில்தான் பார்க்க வேண்டும். இப்போது பகலில் சில கடைகள்தான். இரவில் இளைஞர் கூட்டமும் பாட்டும். கல் காய்ந்தேவிட்டது.

மீன் கடலில் இருக்கிறது

மதியச் சாப்பாட்டுக்கு மத்தி மீன் பாஸ்தா. காட்டுச் சோம்புக் கீரை, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ, மேலே வறுத்த ரொட்டித்தூள். மீனுக்கு இனிப்பா என்று முதல் வாய்வரை சந்தேகமாகத்தான் இருக்கும். மீன் வாங்க வசதியில்லாத வீட்டில் இதையே மீன் இல்லாமல் செய்வார்கள். அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'மத்தி இன்னும் கடலில் இருக்கும் பாஸ்தா'. வறுமையைக் கேலி செய்து பசியாறிய ஊர் இது. பணக்காரர்கள் சின்னக் குருவிகளைச் சமைத்துத் தின்றபோது, ஏழைகள் மத்தியைச் சுருட்டி, வாலைத் தூக்கி வைத்து, குருவி என்று பெயர் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்று அந்தப் பொய்க்குருவிதான் உணவகப் பட்டியலில் இருக்கிறது.

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. 1154-ல் நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீஸி எழுதி முடித்த புவியியல் நூலில், பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் சேமியா போன்ற 'இத்ரிய்யா' செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. மார்க்கோ போலோ பிறந்ததே அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து.

கோப்பையில் இருப்பது யாருடைய நிலம்?

மாலையில் ஒயின். சிசிலியின் புகழ்பெற்ற ஒயின், தீவின் மேற்கு முனையில் உள்ள மர்சாலா துறைமுகத்தின் பெயரைக் கொண்டது. 1773-ல் ஜான் வுட்ஹவுஸ் என்ற ஆங்கில வியாபாரி அங்கே குடித்த ஒயின் பிடித்துப்போய் இங்கிலாந்துக்கு அனுப்பினார். கடல் பயணத்தில் கெட்டுவிடக் கூடாது என்று திராட்சைச் சாராயத்தை அதில் கலந்தார். 1800-ல் நெல்சனின் கப்பற்படையே வாங்கத் தொடங்கியது. பிறகு அந்த வியாபாரத்தில் ஆங்கிலேயர்களோடு போட்டி போட்டவர் வின்சென்ஸோ ஃப்ளோரியோ. பலெர்மோவில் மிளகும் பட்டையும் விற்ற சாதாரண மளிகைக் குடும்பத்துப் பிள்ளை. 1833-ல் மர்சாலாவில் தன் ஆலையைத் திறந்தார். இருபதாம் நூற்றாண்டில் முட்டை, வாசனை என்று எதையெதையோ கலந்து விற்று அந்த ஒயினின் மானத்தை வாங்கினார்கள். சமையலுக்கு ஊற்றும் இனிப்புத் தண்ணீர் என்ற பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை. இனிப்பில்லாத, மரப் பீப்பாயில் பல ஆண்டுகள் ஊறிய மர்சாலாவைக் கேட்டு வாங்கினால், கதை வேறு.

ஆனால், உலாவின் கடைசிக் கோப்பை பெரும்பாலும் வேறொன்று: 'சென்தோபாஸி', நூறு காலடி. பலெர்மோவுக்கு அருகே சீனிசி என்ற ஊரில், மாஃபியா குடும்பத்திலேயே பிறந்து, சொந்தமாக வானொலி நடத்தி, அதில் ஊர்த் தாதாவைப் பெயர் சொல்லிக் கிண்டலடித்தவர் பெப்பீனோ இம்பாஸ்தாத்தோ. அவர் வீட்டிலிருந்து தாதா வீட்டுக்கு நூறு காலடிதான். 1978 மே 9 அன்று கொல்லப்பட்டார். அந்தக் கதையைச் சொன்ன திரைப்படத்தின் பெயர்தான் ஒயினுக்கும்.

மாஃபியாவிடமிருந்து பறிமுதல் செய்த சொத்துகளைப் பொதுநலத்துக்குத் தர வேண்டும் என்று 1996-ல் இத்தாலியில் சட்டம் வந்தது. 'காட்ஃபாதர்' படத்தால் உலகமே அறிந்த கொர்லியோனே, அதையடுத்த சான் ஜுசெப்பே யாத்தோ பகுதிகளில் தாதாக்களின் நிலங்கள் இளைஞர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போயின. தொடக்கத்தில் உழுவதற்கு டிராக்டர் வாடகைக்குத் தரக்கூட ஆட்கள் அஞ்சினார்கள். வயலுக்குத் தீ வைத்த சம்பவங்களும் உண்டு. அந்த மண்ணில் விளைந்த கிரில்லோ, நேரோ தாவோலா திராட்சைகளின் ஒயின்தான் இது. நல்லெண்ணத்துக்காக மட்டும் குடிக்க வேண்டியதில்லை, ஒயினே நன்றாக இருக்கிறது என்பது ரசிகர்கள் கருத்து. குடிக்காதவர்கள் அந்தக் கூட்டுறவுகளின் பாஸ்தாவையும் ஆலிவ் எண்ணெயையும் வாங்கிக்கொண்டு வரலாம். காசு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

மலையேறும் தமிழர்கள்

பலெர்மோவில் தமிழ் கேட்டால் திடுக்கிட வேண்டாம். போரின்போது இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இங்கே பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். 1624-ல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையை நடந்தே ஏறும் பக்தர்களில் ஈழத் தமிழர்கள் ஏராளம். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, இந்துக்களும்தான். ஜூலை மாதத் திருவிழா இரவில் ஊரே தெருவில் இறங்கி, பூண்டு போட்ட நத்தையும் தர்பூசணியும் அவித்த சோளமும் சாப்பிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்த ஊரில் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஆனால், பெயரை நம்பக் கூடாது. 'வெண்ணெய் அரன்சீனா' என்பதன் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ஸ்ஃபின்சியோனேயில் நெத்திலி கரைந்திருக்கும். பனெல்லே, புதினா வாசம் அடிக்கும் உருளைக்கிழங்கு 'க்ரொக்கே', கத்திரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைத்த 'கப்பொனாத்தா' ஆகியவை பெரும்பாலும் பிரச்னை இல்லை. எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கோடையில் போனால் தர்பூசணிச் சாற்றை மாவுப்பசையோடு காய்ச்சி, மல்லிகை வாசம் சேர்த்து உறையவைத்த 'ஜேலோ' கிடைக்கும்.

நவம்பர் தொடக்கத்தில் போகும் குடும்பங்களுக்கு இன்னொரு காட்சி காத்திருக்கிறது. நவம்பர் 2, இறந்தவர்கள் நாள். முந்தின இரவு தாத்தா பாட்டியின் ஆவி வந்து பிள்ளைகளுக்குப் பொம்மையும் இனிப்பும் வைத்துவிட்டுப் போகும் என்பது இங்கத்திய வழக்கம். கடை ஜன்னல் முழுக்க ஆரஞ்சு, அத்தி, மாதுளை என்று பழங்கள். தொட்டால்தான் தெரியும், அத்தனையும் பாதாம் மாவில் செய்து வண்ணம் தீட்டியவை. மர்த்தொரானா மடத்துக் கன்னியாஸ்திரீகள் தொடங்கி வைத்த கலை என்பதால், அந்த மடத்தின் பெயரே இனிப்புக்கும்.

கடைசியாக கன்னோலோ. பொரித்த மொறுமொறு குழலுக்குள் செம்மறியாட்டுப் பால் ரிக்கோட்டாவை நிரப்பித் தருவது. அந்தக் குழலின் மாவிலேயே வழக்கமாகப் பன்றிக் கொழுப்பும் கொஞ்சம் ஒயினும் சேரும், சைவக்காரர்கள் கவனிக்க. சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. நல்ல கடையில் குழல்கள் காலியாகத்தான் அடுக்கியிருக்கும். கேட்ட பிறகுதான் நிரப்புவார்கள். முன்பே நிரப்பி வைத்திருந்தால் குழல் ஊறி நமத்துப் போயிருக்கும். அடுத்த கடைக்குப் போய்விடலாம்.